இரத்த அழுத்த மருந்தும் ஈறு மிகைவளர்ச்சியும்

தமிழில் 'ஈறு' என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு அது சொல்லின் இறுதி. மகர ஈறு, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஆகியன வகுப்பறையில் நாளும் ஒலிப்பவை. வீட்டிலோ அதே சொல் பல்லைச் சூழ்ந்து நிற்கும் தசையைக் குறிக்கிறது. இலங்கைத் தமிழர் இதனை முரசு என்றும் வழங்குவர். இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்வது இரண்டாம் பொருளில் வரும் ஈறு. இரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்காக நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரை, சிலருடைய ஈறுகளைப் பல்லின்மேல் ஏறி வளரச் செய்கிறது. அவ்வாறு வளர்ந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதே நம் பொருள்.

மொழிக்கென அமைந்த உரைத்தொடரில் பல் மருத்துவத்திற்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். இந்நோய்க்கான மருத்துவம் ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது. நோயாளி தம் குறையைச் சரியான சொல்லால் சொன்னால் மருத்துவர் சரியான இடத்தில் தேடுவார். பிழையான சொல்லால் சொன்னால் பிழையான மருந்து கிடைக்கும். இதனைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

மருந்தின் பயன்

பக்கவிளைவைப் பேசுமுன் பயனைப் பேசுதல் முறை. மலேசியாவில் 2019ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற தேசிய உடல்நல, நோயுற்ற நிலை ஆய்வு, வயதுவந்தோரில் 30 விழுக்காட்டினர்க்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதைக் காட்டியது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். அழுத்தம் 140/90 என்னும் அளவிலோ அதற்கு மேலோ தொடர்ந்து நிற்குமானால் அதனை உயர் அழுத்தம் என்கிறோம். வலியின்றி, ஓசையின்றி அது மூளையின் குழாய்களையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சிதைக்கிறது. நம் குடும்பங்களில் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த ஒருவரையேனும் நாம் கண்டிருப்போம். அந்நிலைக்குப் பெருங்காரணம் கட்டுப்படாத இரத்த அழுத்தம்.

அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகளில் ஒரு குடும்பம் கால்சியத் தடுப்பு மருந்துகள். அம்லோடிபின், நிஃபெடிபின், ஃபெலோடிபின், டில்டியாசெம், வெராபமில் ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் நம் நாட்டின் அரசாங்கக் கிளினிக்குகளில் மிகுதியாக வழங்கப்படுவது அம்லோடிபின். 5 மில்லிகிராம் அல்லது 10 மில்லிகிராம் மாத்திரையாக நாளுக்கு ஒருமுறை உட்கொள்வது. விலை குறைவு, பயன் உறுதி. எண்ணற்ற உயிர்களைக் காத்து வரும் மருந்து இது என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டே மேலே செல்வோம்.

கண்டறிந்த வரலாறு

மருந்தினால் ஈறு வளரும் என்பது முதன்முதலில் இரத்த அழுத்த மருந்தில் அறியப்பட்டதன்று. வலிப்பு நோய்க்கான ஃபெனிடோயின் 1938ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. மறு ஆண்டே, 1939இல், அம்மருந்தை உட்கொள்வோரின் ஈறுகள் பருப்பதைக் கிம்பால் என்னும் அமெரிக்க மருத்துவர் பதிவு செய்தார். மாற்றுறுப்புப் பொருத்தியோர்க்குக் கொடுக்கப்படும் சைக்ளோஸ்போரினும் அவ்வாறே செய்வது 1983இல் வெளியாயிற்று. 1984இல் நிஃபெடிபினும் இப்பட்டியலில் சேர்ந்தது. 1990களின் முற்பகுதியில் அம்லோடிபினும் இணைந்தது. வலிப்பு, உறுப்பு மாற்றம், இரத்த அழுத்தம் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நோய்களுக்கான மருந்துகள் ஈறுகளில் ஒரே விளைவைத் தோற்றுவிப்பது ஆய்வாளரை வியப்பில் ஆழ்த்தியது. அவை ஈற்றுத் திசுவின் உயிரணுக்களில் ஏதோ ஒரு பொதுவான இடத்தைத் தொடுகின்றன என்ற எண்ணத்திற்கு அது வழிகோலியது.

ஈறு ஏன் வளர்கிறது?

நம் உடலில் கொலாஜன் என்னும் புரதநார் இடைவிடாது உண்டாகிறது. பழையது இடைவிடாது சிதைத்து அகற்றப்படுகிறது. ஆக்கமும் அழிவும் ஒத்த அளவில் நடந்தால் திசு தன் வடிவில் நிற்கும். ஈறுகளில் இவ்விரு பணிகளையும் செய்வன நார்த்திசு உயிரணுக்கள்.

கால்சியத் தடுப்பு மருந்துகள் உயிரணுவுக்குள் கால்சியம் நுழைவதைக் குறைக்கின்றன. இரத்தக் குழாய்ச் சுவரின் தசையில் இவ்வாறு நிகழும்போது தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் தணிகிறது. நாம் விரும்பும் விளைவு அது. ஈறுகளின் நார்த்திசு உயிரணுவிலும் கால்சியம் குறையும்போது ஃபோலிக் அமிலம் உட்புகுவதும் குறைந்து, கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளின் செயல் தளர்கிறது என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். ஆக்கம் நடக்கிறது, அகற்றல் பின்தங்குகிறது. குப்பை அள்ளும் வண்டி வாராத தெருவைப்போல ஈற்றில் நார் குவிகிறது.

அவ்வாறாயின் மருந்தை உட்கொள்ளும் எல்லார்க்கும் ஈறு வளர வேண்டுமே? வளர்வதில்லை. வடகிழக்கு இங்கிலாந்தில் நிகழ்த்தி 1999இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், நிஃபெடிபின் உட்கொண்டோரில் 6 விழுக்காட்டிற்குச் சற்று மேற்பட்டோர்க்கே குறிப்பிடத்தக்க வளர்ச்சி காணப்பட்டது. அம்லோடிபினில் அது இன்னும் குறைவு. பல் மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் ஆராய்ந்த ஆய்வுகளில் இவ்வெண் கூடுதலாக உள்ளது. ஏற்கெனவே ஈற்றுக் குறையுடையோரே அங்கு மிகுதியாக வருவர் என்பது இதற்குரிய காரணங்களுள் ஒன்று.

யார்க்கு வளரும் என்பதை மூன்று கூறுகள் முடிவு செய்கின்றன. முதலாவது, மருந்தும் அதன் அளவும். இரண்டாவது, பிறப்பிலேயே அமைந்த உடற்கூறு. மூன்றாவது, பல்லின்மேல் படியும் கிருமிப் படலம். இம்மூன்றாவது கூறு நம் கைக்குள் உள்ளது. படலம் ஈறுகளில் அழற்சியை உண்டாக்குகிறது. அழற்சியுற்ற திசுவில் மருந்தின் விளைவு பன்மடங்காகிறது. வளர்ந்த ஈறு பல்லைத் துலக்க முடியாமற் செய்கிறது. துலக்காத இடத்தில் படலம் மேலும் சேர்கிறது. படலம் மேலும் வளர்ச்சியைத் தூண்டுகிறது. இந்தச் சுழலை எங்கேனும் அறுத்தாக வேண்டும். மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தேசிய வாய்நல ஆய்வு, பற்களையுடைய வயதுவந்தோரில் 94 விழுக்காட்டினர்க்கு ஈறு சார்ந்த ஏதேனும் ஒரு குறை இருப்பதைக் காட்டியது. ஆகவே நம்மில் பலர்க்கு மருந்து தொடங்குமுன்னரே நிலம் பண்பட்டுவிடுகிறது.

அடையாளங்கள்

மருந்து தொடங்கிய ஒன்று முதல் மூன்று திங்களுக்குள் வளர்ச்சி பெரும்பாலும் தலைகாட்டும். சிலர்க்கு ஆண்டுகள் கழித்தும் தோன்றும். முதலில் முன்பற்களின் இடையே உள்ள முக்கோண ஈற்று நுனி மணிபோல் பருக்கும். பின்னர் இரு நுனிகள் ஒன்றையொன்று தொட்டு, ஈற்றின் விளிம்பு பல்லின்மேல் ஏறும். முற்றிய நிலையில் பல்லின் முக்கால் பங்கும் அதற்கு மேலும் மறைந்துபோகும். பற்கள் சிறுத்துவிட்டன என்றே பார்ப்போர்க்குத் தோன்றும். தொட்டால் உறுதியாகவும் வெளிறிய செம்மையாகவும் இருக்கும். வலி பெரும்பாலும் இராது. அழற்சி சேர்ந்தால் சிவந்து, துலக்கும்போது இரத்தம் கசியும், வாய் நாறும், மெல்லுவது கடினமாகும். பற்களே இல்லாத இடத்தில் இவ்வளர்ச்சி மிக அரிதாகவே தோன்றும்.

ஈறு பருப்பதெல்லாம் மருந்தின் விளைவாகா. கருவுற்ற காலத்திலும் பூப்புப் பருவத்திலும் ஈறு பருக்கக்கூடும். வாயால் மூச்சு விடுவோர்க்கும் பருக்கும். இரத்தப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் சிலர்க்கு ஈறு பருப்பதுண்டு. சில வாரங்களுக்குள் விரைந்து பருத்தல், காரணமற்ற காய்ச்சல், உடல் வெளிறுதல், தோலில் கன்றிய புள்ளிகள், இரு வாரங்கள் கடந்தும் ஆறாத புண் ஆகியவற்றுள் ஏதேனும் சேர்ந்து வந்தால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

செய்யக் கூடாதது

இவ்வுரையில் ஒரு வரியை மட்டும் நினைவிற் கொள்ள முடியுமாயின், அது இதுவாகட்டும்: ஈறு வளர்கிறதே என்று இரத்த அழுத்த மாத்திரையைத் தாமே நிறுத்தக் கூடாது.

"இந்த மாத்திரைதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது" என்று சொல்லிப் பெரியவர்கள் மாத்திரையை ஒதுக்கிவைப்பதை நாம் பல வீடுகளில் காண்கிறோம். நிறுத்திய மறுநாள் உடலில் எந்த மாற்றமும் தெரியாது. அதனாலேயே அச்செயல் சரியானதென்று தோன்றிவிடுகிறது. ஆனால் அழுத்தம் மீண்டும் ஏறுகிறது. அது ஏறுவதை உணர்த்தும் மணி எதுவும் உடலில் இல்லை. வளர்ந்த ஈற்றைச் சீர்செய்ய வழிகள் உண்டு. பக்கவாதத்தால் இழந்த கையையும் பேச்சையும் முழுமையாக மீட்பது பலர்க்கு இயலாது. எதை எதற்கு ஈடாக வைக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல். வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளிப்பது அழற்சியுற்ற ஈற்றுக்கு இதமளிக்கும்; தீங்கில்லை. குவிந்த நாரை அது கரைக்காது. கிராம்பு எண்ணெயை நேரடியாக ஈற்றில் தடவினால் தசை வெந்துபோகக்கூடும். பருத்த தசையை ஊசியாலோ நகத்தாலோ கீறுவது கிருமிக்குக் கதவு திறப்பதாகும்.

செய்ய வேண்டியவை

முதற்படி தூய்மை. மென்மையான தூரிகையால் காலையிலும் இரவு படுக்குமுன்னும் ஈற்று விளிம்பைத் தொட்டுத் துலக்க வேண்டும். பல்லிடுக்குகளுக்கெனச் சிறு தூரிகைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. இடைவெளியின் அளவிற்கேற்ற தூரிகையைப் பல் மருத்துவர் தேர்ந்து தருவார். இரத்தம் கசிகிறதே என்று துலக்குவதை நிறுத்துதல் பிழை. படலம் அகன்றால்தான் கசிவு நிற்கும். இறுகிப்போன காறையைத் தூரிகையால் நீக்க இயலாது. அதனைப் பல் மருத்துவர் கருவிகொண்டு சுரண்டி எடுப்பார். தேவையானால் ஈற்றுக்குக் கீழே வேர்ப்பரப்பையும் தூய்மை செய்வார். குளோர்ஹெக்சிடின் வாய்நீரைக் குறுகிய காலத்திற்குப் பயன்படுத்தச் சொல்வதுண்டு; நீண்டநாள் பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை படியும். தொடக்க நிலையில் உள்ள பலர்க்கு இம்முதற்படியே வளர்ச்சியை வெகுவாகத் தணித்துவிடும்.

இரண்டாம் படி மருந்தை மறுபரிசீலனை செய்தல். இதனைச் செய்ய வேண்டியவர் மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவர். பல் மருத்துவர் அவருக்குக் கடிதம் எழுதுவது முறையான வழி. பெரிண்டோபிரில், லொசார்டான், ஹைட்ரோகுளோரோதயசைடு முதலிய வேறு குடும்பத்து மருந்துகள் ஈறுகளில் பொதுவாக இவ்விளைவைத் தருவதில்லை. ஆயினும் நோயாளியின் சிறுநீரக நிலை, இனிப்பு நீர், இதயக் குறை, பிற மருந்துகள் ஆகிய அனைத்தையும் எடைபோட்டே மாற்ற முடியும். மாற்றிய பின் அழுத்தத்தை அடிக்கடி அளந்து பார்ப்பது இன்றியமையாதது. மருந்து மாறிய ஒன்று முதல் எட்டு வாரங்களுக்குள் ஈறு சுருங்கத் தொடங்குவதைக் காணலாம். முழுதும் சுருங்கப் பல திங்கள் ஆகலாம். நெடுநாள் வளர்ந்து இறுகிய நார் முற்றிலும் சுருங்காமல் நிற்பதும் உண்டு.

மூன்றாம் படி அறுவை. தூய்மையும் மருந்து மாற்றமும் போதாதபோது, அல்லது மருந்தை மாற்றவே இயலாதபோது, மிகுதியாக வளர்ந்த தசையை வெட்டி நீக்கி ஈற்றுக்குப் பழைய வடிவம் தருவர். அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, கத்தியாலோ லேசர் கதிராலோ இதனைச் செய்வர். லேசரில் இரத்தக் கசிவு குறைவு. எலும்பும் பாதிக்கப்பட்டிருந்தால் ஈற்றைத் திறந்து உட்புறத்தையும் சீர்செய்வர். அன்றைய நாளில் இரத்த அழுத்தம் 180/110க்கு மேல் இருப்பின் அவசரமற்ற அறுவையைத் தள்ளிவைப்பது பொதுவான வழக்கம். எனவே அறுவைக்குச் செல்லும் காலையிலும் மாத்திரையை வழக்கம்போல் உட்கொள்ள வேண்டும். ஆஸ்பிரின் முதலிய இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்போர் அதனை முன்னரே பல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

சுங்கை பூலோவின் சாலையோரத்தில் நிரைநிரையாகப் பூச்செடி விற்கும் பண்ணைகளை நாம் அறிவோம். களையின் தலையை மட்டும் கிள்ளினால் என்ன ஆகும் என்பதை அங்குள்ள எந்தத் தோட்டக்காரரும் சொல்வார். ஈறும் அத்தகையதே. அதே மருந்து தொடர்ந்து, அதே படலமும் தொடர்ந்து சேருமானால், வெட்டிய ஈறு சில திங்களிலேயே மீண்டும் தலைதூக்கக்கூடும். ஆகவே நான்காம் படி தொடர் கண்காணிப்பு: மூன்று திங்களுக்கு ஒருமுறை பல் மருத்துவரைக் காணுதல். கால்சியத் தடுப்பு மருந்தைப் புதிதாகத் தொடங்குவோர், தொடக்கத்திலேயே ஒருமுறை பல்லைக் காட்டிக் காறையை நீக்கிக்கொள்வது மேலும் நன்று.

சுங்கை பூலோ தரும் பாடம்

மூங்கிலாறு என்று பொருள்படும் இவ்வூருக்கு மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1930இல் இங்குத் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. வீடும் தோட்டமும் தொழிலும் கொண்ட ஓர் ஊராகவே அது அமைந்தது. பிற்காலத்தில் தொழுநோய்க்கு டாப்சோன் என்னும் மருந்து பெருவரமாய் வந்தது. ஆண்டுகள் பல கழிந்தபின் சிலர்க்கு அம்மருந்து பயன்தரவில்லை. சுங்கை பூலோவின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றிய பெட்டிட் என்பாரும், இலண்டனில் ஆய்ந்த ரீஸ் என்பாரும், கிருமி அம்மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுவிட்டதை 1964இல் சோதனைவழி நிறுவினர். அதற்காக மருத்துவத்தை எவரும் கைவிடவில்லை. நோயாளியைக் கூர்ந்து நோக்கினர், சான்று சேர்த்தனர், மருந்தை மாற்றினர், பின்னர்ப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை உலகெங்கும் வந்தது.

மருந்தின் எதிர்பாராத முகத்தைக் கண்டபோது அஞ்சி ஒதுங்காமலும் கண்மூடிச் செல்லாமலும் இருப்பதே அவ்வரலாறு கற்பிக்கும் நெறி. இன்று அதே சுங்கை பூலோவில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையும், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் புலமும் உள்ளன. இரத்த அழுத்தத்தை அளப்பவரும் ஈற்றைப் பார்ப்பவரும் ஒரே ஊரில் இருக்கின்றனர். அவ்விருவரையும் இணைக்கும் செய்தியைக் கொண்டு செல்ல வேண்டியவர் நோயாளியே.

சரியான சொல்

அச்செய்தி எந்தச் சொல்லில் செல்கிறது என்பதே நம் இறுதிக் கேள்வி. நம் பெரியோர் பெரும்பாலும் "ஈறு வீங்கியிருக்கிறது" என்பர். மலாயில் சொல்ல நேரும்போது "குசி பெங்காக்" என்பர். வீக்கம் என்றவுடன் கேட்பவர் மனத்தில் எழுவது சீழும் கிருமியும் வலியும். அதற்குரிய கிருமிக்கொல்லி மாத்திரையோடு நோயாளி வீடு திரும்பக்கூடும். ஈறு அப்படியே இருக்கும். வீக்கம் வரும், வடியும். வளர்ச்சி தானாக வடியாது. ஆகவே 'ஈறு வளர்ந்திருக்கிறது' என்று சொல்வதே பொருத்தம். அளவுக்கு மீறிய வளர்ச்சி என்பதனால் இதனை 'ஈறு மிகைவளர்ச்சி' என்று நாம் வழங்குகிறோம். 'வளர்ச்சி' என்பது நம் மொழியில் பெரும்பாலும் நன்மையைச் சுட்டும் சொல்லாதலால் 'மிகை' என்னும் அடை தேவைப்படுகிறது.

பெயர் மட்டும் போதாது; காலமும் காரணமும் சேர வேண்டும். "நான் அம்லோடிபின் 10 மில்லிகிராம் எடுக்கிறேன். தொடங்கி ஐந்து திங்கள் ஆயிற்று. மூன்று திங்களாக முன்பல் ஈறு வளர்கிறது. வலியில்லை" என்னும் நான்கு சிறு தொடர்கள் மருத்துவர்க்கு ஒரு முழுப்பக்க அறிக்கைக்கு ஈடாகும். மருந்தின் பெயர் நாவில் வாராவிட்டால் மாத்திரை அட்டையையே எடுத்துச் சென்று காட்டலாம். "உபாட் டாரா திங்கி" என்று மட்டும் சொன்னால் அது எந்தக் குடும்பத்து மருந்து என்பது தெரியாது. பல் மருத்துவர் "வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?" என்று கேட்கும்போது, பல்லுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணி "இல்லை" என்று விடையிறுப்போர் பலர். அந்த ஒரு சொல்லில் நோயின் காரணம் மறைந்துபோகிறது.

இங்கேதான் மாணவர்களின் பணி தொடங்குகிறது. தாத்தாவையோ பாட்டியையோ கிளினிக்கிற்கு அழைத்துச் சென்று, அவர்கள் தமிழில் சொல்வதை மலாயிலோ ஆங்கிலத்திலோ எடுத்துச் சொல்வது பல வீடுகளில் பிள்ளைகளே. அவர்கள் வெறும் துணைக்குச் செல்பவர்கள் அல்லர், மொழிபெயர்ப்பாளர்கள். 'வளர்ந்திருக்கிறது' என்று பாட்டி சொன்னதை 'வீங்கியிருக்கிறது' என்று மாற்றிவிடாத கவனத்தை ஆசிரியர்கள் வகுப்பில் ஊட்டலாம். உடலுறுப்புகளின் பெயர்களையும், வலி, வீக்கம், கசிவு, வளர்ச்சி, மரத்தல், எரிச்சல் ஆகிய உணர்வுச் சொற்களின் நுண்ணிய வேறுபாட்டையும் சொல்வளப் பாடத்தில் சேர்த்துக் கற்பிக்கலாம். ஒரு மாணவி தன் வீட்டில் மருந்துண்ணும் பெரியவரிடம், "பாட்டி, ஈறு எப்படி இருக்கிறது? வாயைத் திறந்து காட்டுங்கள்" என்று கேட்பாளாயின், பல் மறையும் அளவுக்கு வளருமுன்னரே அது கண்டுகொள்ளப்படும். அப்பொழுது பல் மருத்துவர் காறையை நீக்குவதோடு அமையலாம், அறுவை தேவைப்படாது, மாத்திரையும் தன் வேலையைத் தொடர்ந்து செய்யும்.